பெட்டிக்குப் போட்ட மெத்தை

“இன்சூரன்ஸை அக்கா பேருல எழுதிட்டா பாதியோட முடிஞ்சிரும்டா, நீ எதுக்கு—”

“ஓட்டறது நான், எழுதறது அவ பேரா—”

“யாரு பேரா இருந்தா என்ன, வண்டி ஓடுனா—”

“யாரு பேரா இருந்தாலும் சரின்னா என் பேரையே எழுதும்மா.”

சொன்ன சொல்லாலேயே அம்மாவை மடக்கிவிட்டான் மகன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த முட்டைகளைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள், அவைதான் குற்றவாளி என்பது போல.

“இன்னும் கொஞ்சம் சத்தமா சண்டை போடுங்க” என்று நடு அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “கண்ணாடி கோணலா உடையட்டும். ரெண்டு பேரும் சேந்து ஒட்டிக் குடுங்க.”

முன்னால் கண்ணாடிக் கடை, நடுவில் வெட்டும் மேஜை, பின்னால் சமையலறை. இடையில் கதவுகள் இருந்தன, சாத்தியதில்லை. அதனால் அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று தங்கியதே கிடையாது. கண்ணாடி வாங்க வந்தவருக்கு உள்ளே என்ன சமையல் என்று தெரியும்; உள்ளே இருப்பவர்களுக்கு வந்தவர் வீட்டு ஜன்னலை யார் உடைத்தது என்று தெரியும்.

அப்பா இடது கைக்காரர். அளவுகோலை ஒட்டி வெட்டுமுனையை ஒரே இழுப்பாக இழுப்பார். கிர்ரென்று பல் கூசும் சத்தம். பிறகு கோட்டுக்குக் கீழே மெல்ல ஒரு தட்டு. கண்ணாடி இரண்டாக விட்டுக்கொடுக்கும். அந்தக் கைக்கு ஒரு குறையும் வரவில்லை. வலது தோள்தான் போய்விட்டது. ஒரு கடைமுகப்புக் கண்ணாடியைத் தூக்கும்போது உள்ளே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது. வெட்டலாம், ஒட்டலாம், ஸ்டியரிங் மட்டும் பிடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார் மருத்துவர்.

அதுவரை வண்டி அப்பா பெயரில் இருந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அவர்மேல் புகார் இல்லை. நடுவயது, கல்யாணமானவர், ஒரே முகவரி. இனி ஓட்டப்போவது மகன். இன்சூரன்ஸ் வருஷம் முடியப்போகிறது, இனிமேல் தான்தான் முக்கிய ஓட்டுநர் என்று அவன் போன் செய்து சொன்னான். பிறந்த தேதி கேட்டார்கள். ஆணா பெண்ணா கேட்டார்கள். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் யாரோ விசைகளைத் தட்டும் சத்தம். பிறகு ஒரு தொகை வந்தது. அவன் தப்பாகக் காதில் விழுந்ததோ என்று திரும்பக் கேட்டான். திரும்பவும் அதேதான்.

சும்மா பார்க்கலாமே என்று அக்கா தன் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அக்கா என்றாலும் இரட்டையரில் முந்திக்கொண்டவள், அவ்வளவுதான். அதே தேதி, அதே வீடு, அதே வண்டி, இருவருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அதே அப்பா. அவளுக்கு ஏறக்குறைய பாதிதான் வந்தது.

“ஒரே வயித்துல பக்கத்துப் பக்கத்துல படுத்திருந்தோம்” என்று அவள் சிரித்தாள். “அப்பவே இவன் ஆபத்தான ஆளுன்னு எனக்குத் தெரியாம போச்சு.”

“நம்ம வாசல் கேட் தூணை இடிச்சது யாருன்னு கேட்டாங்களா?” என்றான் தம்பி.

“கேக்கல. ஆணா பொண்ணான்னுதான் கேட்டாங்க. அதுக்கு உண்மையைத்தான் சொன்னேன்.”

அக்கா ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்க்கிறாள். வேகமான பெண். வேலை, சிரிப்பு, கோபம், வண்டி எல்லாம் வேகம். தம்பிக்கு அவள் வைத்த பெயர் ஆமை. அவன் பிறவியிலேயே ஆமை இல்லை. கண்ணாடிதான் அவனை அப்படி ஆக்கியது. வண்டியின் பின் இருக்கையில் பாதியைக் கழற்றிவிட்டு மரத்தாங்கி போட்டிருந்தார்கள். அதில் கண்ணாடியைப் படுக்க வைப்பதில்லை, கம்பளித் துணிமேல் நிற்க வைப்பார்கள். படுத்த கண்ணாடி தன் பாரத்தாலேயே விரிசல் விடும். மீதிப் பாதி இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து இரு உள்ளங்கையாலும் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வண்டிக்குள் ஒரு சட்டம் உண்டு: ஓட்டுபவர் பேசக்கூடாது, கண்ணாடியைப் பிடித்திருப்பவர் சொல்லைத் தட்டக்கூடாது. சின்ன வயதிலிருந்து அந்தச் சட்டத்துக்குள் வளர்ந்த கால் அவனுடையது. பிரேக்கைக்கூடக் கெஞ்சித்தான் மிதிக்கும்.

“சரி, உன் பேரு இல்லாம என்னடா கெட்டுப்போச்சு?” முட்டையை உரித்துக்கொண்டே அம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

“நாளைக்கே யாராவது வந்து இடிச்சாங்கன்னு வை. ஓட்டினது யாருன்னு கேப்பாங்க. நான்னு சொன்னா, உன் பேரு எங்கன்னு கேப்பாங்க. கண்ணாடியும் போச்சு, வண்டியும் போச்சு, பொய்யனும் ஆயாச்சு.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா?”

“அதோட, இடிக்காம ஓட்டற ஒவ்வொரு வருஷத்துக்கும் கொறைப்பாங்களாம்மா. அது பேரு இருக்கறவங்களுக்குத்தான் சேரும். நான் ஓட்டி ஓட்டி இவளுக்கு நல்ல பேரு சேத்துக் குடுக்கணுமா?”

“சேத்துக் குடேன்” என்றாள் அக்கா. “எனக்கும் ஒரு நல்ல பேரு வேணாமா?”

கடைசியில் வழி சொன்னது கம்பெனிதான். வண்டியில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்திக்கொண்டால், எப்படி ஓட்டுகிறான், எப்படி பிரேக் போடுகிறான், எப்படித் திருப்புகிறான் என்று அது எழுதி அனுப்பும். ஒழுங்காக இருந்தால் தொகை குறையும். அதுவரை தற்காலிகமாக அவன் பெயரிலேயே, நடுத்தரமான ஒரு தொகைக்குத் தருகிறோம் என்றார்கள்.

“இதத்தான் நானும் கேட்டேன்” என்றான் அவன். முகம் தெளிந்துவிட்டது. “என் மூஞ்சியப் பாக்க வேணாம். காலைப் பாக்கட்டும்.”

பெட்டி தபாலில் வந்தது. உள்ளங்கை அளவு. சுற்றியிருந்த அட்டையில் சிவப்பு எழுத்தில், ‘உடையக்கூடியது. அதிரவிடாதீர்கள்.’

கண்ணாடிக்காரர் வீட்டில் அந்த இரண்டு வாக்கியங்களுக்கு இருக்கும் மரியாதை வேறெந்த எழுத்துக்கும் கிடையாது. அப்பா பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். நல்ல ஸ்பாஞ்சாகத் தேடி எடுத்து, நடுவில் பெட்டியின் அளவுக்குக் குழி வெட்டினார். அதில் பெட்டியை இறக்கி, மேலே இன்னொரு ஸ்பாஞ்ச் வைத்து, கம்பளித் துணியால் சுற்றி, ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் மரத்தாங்கியோடு சேர்த்து அணைத்துக் கட்டினார். குலுக்கிப் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சியை உட்காரவைத்த மாதிரி இருந்தது.

“இதுல எப்படி மாட்டறதுன்னு ஒரு தாள் வந்துச்சே?” என்றான் மகன்.

தாளால் அம்மா ஒரு நிலைக்கண்ணாடியைத் துடைத்து முடித்திருந்தாள். கடைக்குள் வருகிற எந்தத் தாளுக்கும் அதுதான் கதி. “மாட்டியாச்சே, இனிமே தாள் எதுக்கு?” என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது எல்லோருக்கும்.

சில வாரங்கள் நன்றாகப் போயின. அவன் ஜன்னல் கண்ணாடிகளைக் கொண்டுபோனான், மேஜைக் கண்ணாடிகளைக் கொண்டுபோனான், ஒரு மீன்தொட்டிகூடக் கொண்டுபோனான். சீட்டுக்கு அடியில் தன்னைப் பற்றி நல்லதாக ஒன்று எழுதிக்கொண்டே வருகிறது என்ற நினைப்பில் இன்னும் பதவிசாக ஓட்டினான்.

பிறகு கம்பெனியிலிருந்து போன் வந்தது. அப்பா எடுத்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது.

“என்னங்க?” என்றாள் அம்மா.

“வண்டி ஓடுதாம். ஆனா வண்டி அசையவே இல்லையாம்.”

“அப்டின்னா?”

“பள்ளம் இல்ல, மேடு இல்ல, பிரேக் இல்ல. தண்ணிக்குள்ள போற மீன் மாதிரி போகுதாம். இப்படி யாராலயும் ஓட்ட முடியாதாம். பெட்டியில ஏதோ கள்ளத்தனம் பண்ணிட்டோம்னு சொல்றாங்க. பாக்க ஆள் வருதாம்.”

மகன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். கள்ளத்தனம் என்று ஒரு கம்பெனி எழுதிவிட்டால் வேறெந்தக் கம்பெனியும் சேர்க்காது. அது அவனுக்குத் தெரியும். அவன் ஓட்டாவிட்டால் கண்ணாடி கடையை விட்டு நகராது. அது எல்லோருக்கும் தெரியும்.

“ஒழுங்கா ஓட்டினதுக்கே தண்டனையா” என்றான், யாரையும் பார்க்காமல்.

பரிசோதனைக்கு வந்தது ஒரு பெண்மணி. அம்மா வயதிருக்கும். காலையிலிருந்து விட்டு விட்டு மழை. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நனைந்த செருப்போடு உள்ளே வரத் தயங்கினாள்.

“வாங்க மேடம், ஈரம் பரவால்ல. கண்ணாடித் தூள்தான் இருக்கும், செருப்போடவே வாங்க” என்றாள் அம்மா. கோபமாக வரவேற்கத்தான் நினைத்திருந்தாள். வரவில்லை.

“பெட்டி எங்க இருக்கு?”

அப்பாவே கூட்டிப்போனார். இருக்கைக்கு அடியிலிருந்து மூட்டையை எடுத்து, துணியைப் பிரித்து, மேல் ஸ்பாஞ்சை நீக்கி, மோதிரக் கடைக்காரர் போல நீட்டினார். அந்தம்மாள் பெட்டியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“இதை யாரு இப்படி வச்சது?”

“நான்தான். ஒரு கீறல் இருக்கா பாருங்க.”

“எதுக்குங்க இப்படி வச்சீங்க?”

“அதிரவிடாதீங்கன்னு போட்டிருந்துச்சே.”

“அது தபால்ல வர்றப்போ. வண்டியில அது அதிரணும். அதிர்ந்தாத்தான் அதுக்குத் தெரியும்.”

“அதிரணும்னா ‘உடையக்கூடியது’ன்னு ஏன் எழுதறீங்க? எங்ககிட்ட அப்படி எழுதிக் குடுத்தா நாங்க வேற என்ன செய்வோம்?”

அந்தம்மாள் பதில் சொல்லப் பார்த்தாள். உதடு இழுத்துக்கொண்டு போயிற்று. கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்று சிரித்தாள். பின்னால் நின்ற மகன் சிரிக்கவில்லை.

“அப்பா, மெத்தை போட்டா படுக்க வச்சீங்க?” என்றான். “நீங்க கட்டினப்போ நானும்தானே பக்கத்துல நின்னேன். எனக்கும் தோணல பாருங்க.”

சிரித்தாலும் வேலை வேலைதான் என்றாள் அந்தம்மாள். வேண்டுமென்று செய்யவில்லை என்று தனக்குத் தெரிகிறது. ஆனால் மேலே இருப்பவர்கள் பையனின் வயதைப் பார்ப்பார்கள், சந்தேகப்படுவார்கள். அவன் உண்மையில் எப்படி ஓட்டுகிறான் என்று நேரில் பார்த்து எழுதினால்தான் தன் பேச்சு எடுபடும்.

“வயசு, வயசு” என்றாள் அம்மா. “இவன் பொறந்த நாள்லயே அவளும் பொறந்தா. அவ நல்லவ, இவன் கெட்டவனா?”

“கெட்டவன்னு யாரும்மா சொன்னா? இந்த வயசுப் பசங்க ஆயிரம் பேரை எடுத்துக்கிட்டா, இடிக்கறவங்க அதிகம். அதுதான் கணக்கு.”

“அந்த ஆயிரம் பேருக்கும் நானா சோறு போட்டேன்? இவன் ஒருத்தனுக்குத்தான் போட்டேன்.”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு நீங்க சொல்வீங்க. நாங்க பானையைப் பாத்துச் சோத்தைச் சொல்றோம்.”

“ஒரே பானையில வெந்தாத்தாங்க அந்தப் பேச்சு” என்றார் அப்பா. “ஊர்ல இருக்கற பசங்கள்லாம் ஒரே அடுப்புலயா வெந்தானுங்க?”

அந்த நேரம் பார்த்து ஒருவர் கடைக்கு வந்தார். வீட்டு ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டும், அளவு இது என்று ஒரு குச்சியை நீட்டினார்.

“எந்தத் தெருங்க? விளையாட்டு மைதானத்துக்கு எதுருலயா?” என்றாள் அம்மா. “அப்போ தடிமனாப் போட்டுக்கங்க. கொஞ்சம் கூடத்தான் ஆகும். அங்க பந்து வரும்.”

அவர் போனதும் அந்தம்மாள் மெல்லக் கேட்டாள். “அவர் வீட்ல இதுவரைக்கும் பந்து வந்துச்சான்னு கேக்கலையே நீங்க?”

அம்மா துடைக்கும் தாளைக் கீழே வைத்தாள். அப்பா ஆர்வமாகப் பார்த்தார்.

“கேக்கலதான்” என்றாள். “ஆனா கூடக் குடுத்தவருக்குத் தடிமனான கண்ணாடி போகுது மேடம். இவன்கிட்டயும் கூடுதலா வாங்கினீங்களே, இவனுக்கு என்ன தடிமனாக் குடுத்தீங்க?”

அந்தம்மாள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒருமுறை தலையாட்டினாள்.

மழை விட்டிருந்தது. முடிதிருத்தும் கடை ஒன்றுக்கு ஆளுயர நிலைக்கண்ணாடி போக வேண்டியிருந்தது. அக்கா இருந்தால் அவள் பிடித்துக்கொள்வாள். அவள் வேலையில் இருந்தாள். அம்மா கடையை விட்டு வர முடியாது. அப்பா சுவரில் பொருத்துவதற்கு வந்தாக வேண்டும், அவர் தோளுக்கு முன் இருக்கைதான் ஆகும்.

“அப்போ நான் எங்க உக்கார்றது?” என்றாள் அந்தம்மாள்.

“கண்ணாடிகிட்ட ஒரு எடம் இருக்கு” என்றான் மகன், சங்கடத்தோடு. “ஆனா அங்க உக்காந்தா கை சும்மா இருக்கக் கூடாது மேடம்.”

அவள் கைப்பையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். இரு உள்ளங்கையையும் எங்கே வைப்பது என்று அப்பா காட்டினார். அழுத்தாதீர்கள், தாங்காதீர்கள், சும்மா கூட இருங்கள் என்றார். பள்ளம் வந்தால் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னால் அவன் நிற்பான் என்றார்.

வண்டி கிளம்பியதே அவளுக்குத் தெரியவில்லை. கடை வாசல்தான் பின்னால் நகர்ந்தது. முதல் திருப்பம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு, “முன்னாடி தண்ணி நிக்குது” என்றாள், கோயிலுக்குள் பேசுகிற குரலில். வண்டி தண்ணீரைத் தொட்டுத் தடவிக்கொண்டு போயிற்று. பின்னால் வந்தவர்கள் ஒலி எழுப்பினார்கள். அவன் காதில் விழாதவன் போல் இருந்தான்.

“எப்பவுமே இப்படித்தான் ஹார்ன் அடிப்பாங்களா?”

“அவன் பேச மாட்டான், நான் சொல்றேன்” என்றார் அப்பா. “எப்பவுமேதான். எங்களுக்கு அது பாட்டுக் கச்சேரி.”

சந்தைத் தெருவில் ஒரு வீட்டு வாசலிலிருந்து நீல நிறக் கார் ஒன்று பின்பக்கமாகவே தெருவுக்குள் வந்தது. ஓட்டியவர் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியோடு ஏதோ வாக்குவாதத்தில் இருந்தார். அந்தம்மாள் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் நின்றிருந்தான். எப்போது நின்றான் என்று தெரியாதபடி நின்றிருந்தான். கண்ணாடி அவள் உள்ளங்கையில் லேசாகச் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்தது. நீலக் கார் தன் போக்கில் போய்விட்டது.

“நரைச்ச தலை, கல்யாணமானவர்” என்றார் அப்பா. “இவருக்கு நீங்க எவ்வளவு போடுவீங்க?”

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. “கம்மிதான்.”

அப்பா சிரித்த சிரிப்பில் தோள் வலித்தது. வலியோடு சிரித்தார்.

கடைக்கு அவர்கள் திரும்பியபோது அக்கா வேலை முடித்து வந்திருந்தாள். அம்மா ரொட்டியை வாட்டி, முட்டையை நறுக்கி வைத்திருந்தாள். அந்தம்மாள் உட்காரவில்லை. முதலில் பெட்டியை எடுத்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கெட்டியான இடமாகப் பார்த்துத் தன் கையாலேயே திருகி முடுக்கினாள். அப்பா பக்கத்தில் நின்று பதறினார்.

“பாவம்ங்க, பள்ளத்துல போனா என்ன ஆகும் அது?”

“ஒண்ணும் ஆகாது. கெட்டியானது.”

“அப்போ அந்த எழுத்தை மாத்தச் சொல்லுங்க.”

பிறகு உட்கார்ந்து தேநீர் வாங்கிக்கொண்டாள். தெரியாமல் செய்த தவறு என்று எழுதப்போவதாகச் சொன்னாள். அவன் பெயர் அவன் பெயராகவே இருக்கும், ஒன்றும் ரத்தாகாது. தொகையை இன்றைக்கே குறைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை. பெட்டி இனி உண்மையைப் பேசட்டும், அது பேசினால் யாரும் மறுக்க முடியாது என்றாள்.

மகன் ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை அக்கா தட்டில் வைத்தான். சந்தோஷம் வந்தால் அவனுக்கு அப்படித்தான் வரும்.

“என்னடா திடீர் தர்மம்?” என்றாள் அவள். “இரு, நானும் அந்த வண்டியை எடுப்பேன் இல்ல. நான் ஓட்டறதும் அதுல எழுதுமா மேடம்?”

“யாரு ஓட்டினாலும் எழுதும்.”

“போச்சு” என்றான் தம்பி.

“நீ சாவியைத் தொட்ட, கையை ஒடிப்பேன்” என்றாள் அம்மா மகளிடம். எல்லோரும் சிரித்தார்கள். வெளியே மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடிகளில் எல்லாம் ரொட்டித் தட்டும் நனைந்த குடையும் தெரிந்தன.

“உங்க பையன் காலைப் பாத்தேன்” என்றாள் அந்தம்மாள், கோப்பையைச் சுற்றிக் கையை வைத்துச் சூடாக்கிக்கொண்டே. “என் வீட்லயும் ஒருத்தன் இருக்கான். இவன் வயசுதான். இதுல பாதி பொறுமை இருந்தாக்கூட நான் நிம்மதியா இருப்பேன்.”

“அவனும் வண்டி ஓட்டுவானா மேடம்?” என்றாள் அக்கா.

“அவன்தான் ஓட்டறான். நான் எங்க, பஸ்லதான் போய்ட்டு வர்றேன். காலையில எடுத்தான்னா பொழுது சாயற வரைக்கும் வண்டி அவன்கிட்டதான்.”

அம்மா ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். கேலி இல்லை அந்தக் குரலில். பிள்ளை பெற்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“இன்சூரன்ஸ் யாரு பேருல போட்டிருக்கீங்க?”